சந்தேகப்படுவதை நிறுத்திய அக்கா

ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த அன்று பால் காய்ச்சி, முதல் டம்ளரை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்த பெண்ணுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். டம்ளரை வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினாள்.

“ஒரு வாய் நீ குடி.”

“நாங்க குடிச்சாச்சுக்கா. இது உங்களுக்கு.”

“அத்தத்தான் சொல்றேன். நீ ஒரு வாய் குடி, அப்பால நா குடிக்கிறேன்.”

கோவில்பட்டியிலிருந்து ரயிலேறி வந்த புதுப்பெண் நான். அவமானத்தில் காது சுட்டது. அண்ணாந்து ஒரு வாய் குடித்துக் காட்டினேன். நான் மயங்கி விழுகிறேனா என்று பார்க்கிற மாதிரி சற்று நேரம் நின்றுவிட்டு, மீதியை அவள் குடித்தாள். “சக்கர கம்மி” என்று சொல்லி டம்ளரைக் கழுவிக் கொடுத்தாள். வீட்டுக்குள் வந்ததும், வேறு பிளாக்குக்கு மாற்றிக் கேளுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தேன்.

மாற்றலெல்லாம் கிடைக்கவில்லை. மாடிப்படிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எழுந்தால் அவள் முகம்தான். கோபம் போகப் போக வேடிக்கையாகிவிட்டது.

தள்ளுவண்டிக்காரர் கத்தரிக்காய் நிறுத்தால், காய் இருந்த தட்டில் எடைக்கல்லையும், கல் இருந்த தட்டில் காயையும் மாற்றி வைக்கச் சொல்லி மறுபடி நிறுக்கவைப்பாள். பால்காரரின் பாலை ஒரு சொட்டு நகத்தில் விட்டு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். சீப்பில் உதிர்ந்த முடியைக் குப்பையில் போடமாட்டாள், அடுப்பில் போட்டுப் பொசுக்குவாள். வாசலில் ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்தால் போதும், மூன்று மாடிக்கும் விசாரணைதான். ஒருமுறை அது என் பையிலிருந்து விழுந்த பழம். நான் சந்தையில் வாங்கியதுதான் என்று சொன்னேன். எந்தச் சந்தை, எந்தக் கடை என்று கேட்டாள். மறுநாள் போய் அந்தக் கடைக்காரரையும் கேட்டுவிட்டு வந்தாள்.

அவள் பிறந்தது பூந்தமல்லியில். “நா பஸ் ஸ்டாண்டாண்ட வளந்தவ. எத்தினி பேரப் பாத்துகீறேன்” என்று அதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்வாள். அதனால்தான் இப்படி என்று நானும் நினைத்திருந்தேன். அவள் வீட்டுக்காரர் ஆவடி பேக்டரியில் ஃபிட்டர். வாய் திறந்து பேசாத மனிதர். ஒருநாள் தண்ணீர்க்குடத்தோடு நான் படியேறும்போது வாங்கித் தூக்கிவந்தவர், சொல்லாமல் இருக்க முடியாதவர் போலச் சொன்னார். “மொதல்ல இப்டி இல்லம்மா. ரெண்டாவது பூட்டப்புறம்தான் இப்டி ஆய்ட்டா.”

அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். நான்கு தடவை கர்ப்பமாகி, நான்கும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு குற்றவாளி இருந்தான். முதலாவதற்கு நாத்தனார், ஊரிலிருந்து வந்தவள் பப்பாளிப்பழம் நறுக்கிக் கொடுத்தாளாம். இரண்டாவதற்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்த கம்பவுண்டர். மூன்றாவதற்குக் குவார்ட்டர்ஸின் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர். நான்காவதற்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வயிற்றைப் பார்த்து “எத்தினி மாசம்?” என்று கேட்ட யாரோ ஒருத்தி. போலீஸ்காரர் கேஸ் கட்டுவதுபோல, யார் எங்கே நின்றார்கள், என்ன நிறப் புடவை, என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்வாள். டாக்டர்கள் ரத்தம், சிறுநீர், கருப்பை, சர்க்கரை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்களாம். “எல்லாம் சரியா கீதுன்னா எப்டிப் போவும்? யாரோ பண்றாங்கோ. அத்த கண்டுபுடிக்காம வுடமாட்டேன்” என்பாள். அவள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். எல்லாம் சரி என்றால் பிறகு ஏன் போகிறது?

குவார்ட்டர்ஸ் மட்டும் அவளைச் சும்மா விட்டுவைத்ததா? வளைகாப்பு என்றால் எல்லா வீட்டுக்கும் குங்குமச்சிமிழ் போகும், அவள் வீட்டைத் தாண்டிப் போகும். பிள்ளை பெற்று வந்தவர்கள் அவளைப் படியில் கண்டால் துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடுவார்கள். நான் உண்டானதும் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கிய என் மாமியார், இரண்டே நாளில் விவரமெல்லாம் சேகரித்துவிட்டார்.

“ஏ புள்ள, அவ முன்னால எதையும் திங்காத. அவ வாரான்னா கதவச் சாத்திக்கிடு, சொல்லுதேன்.”

“அத்தை, அவங்க பாவம்.”

“பாவந்தான். யாரு இல்லைன்னா? பாவத்தைத் தூரத்துல இருந்து பட்டுக்கிடுவோம்.”

அக்கா எதையும் கவனிக்காத ஆளா? ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கேட்டாள். “ஒன் மாமியா என்னைப் பாத்தாலே கதவ சாத்துது. நா அது கையிலேர்ந்து இன்னாத்த புடுங்கிக்கினு பூட்டேன்?” நான் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டேன். “பரவால்ல, வுடு. நானும்தான் அது குடுத்த முறுக்கத் துன்னல” என்று அவளே சிரித்தாள். எனக்குப் பெண் பிறந்தது. கதவிடுக்கில் பார்த்ததைத் தவிர எதிர்வீட்டு அக்கா என் குழந்தையை ஒரு வருஷம் பார்த்ததே கிடையாது.

பட்டணத்தில் ஒரு பெரிய டாக்டர், நிற்காமல் கலைகிற கர்ப்பத்துக்குப் புதுசாக ஒரு ஊசி போடுகிறார் என்று யாரோ சொல்ல, அவள் வீட்டுக்காரர் போகலாம் என்றார். என்னையும் கூப்பிட்டாள். “அவரு பாதிதான் காதுல வாங்குவாரு. நீ வா. டாக்டரு இன்னா சொன்னாருன்னு அப்பால ரெண்டு பேரும் சொல்லுங்கோ, ஒத்துப்போவுதான்னு பாக்குறேன்.” குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு சாட்சியாக நானும் மின்சார ரயிலேறிப் போனேன்.

டாக்டர் வயதானவர், நல்ல மாதிரி. பழைய சீட்டுகளையெல்லாம் பொறுமையாகப் படித்தார். வீட்டுக்காரர் எங்கே வேலை என்று கேட்டார். ஆவடி பேக்டரி என்றதும் அவருக்கு உதாரணம் கிடைத்துவிட்டது.

“அப்ப உங்களுக்கு கேட் தெரியும். பாஸ் இல்லாம ஒருத்தன் உள்ள போனா என்ன ஆகும்?”

“புடிச்சி வெளிய தள்ளுவாங்கோ சார்” என்றார் அவள் வீட்டுக்காரர்.

“அவ்வளவுதாம்மா விஷயம். குழந்தையில பாதி உங்களுது, பாதி இவரோடது. இவரோட பாதி உங்க உடம்புக்கு வெளியாள். எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான். மத்தவங்க உடம்பு நம்ம ஆளுன்னு விட்டுடுது. உங்க கருப்பையில காவலுக்கு இருக்கிற செல்லுங்களுக்குச் சந்தேகம் ஜாஸ்தி. வெளியாள்னு சந்தேகப்பட்டு வெளிய தள்ளிடுது. இவர் ரத்தத்துலேர்ந்து வெள்ளை அணுவைப் பிரிச்சு உங்க கையில ஊசியாப் போடுவோம். பழகப் பழக அடையாளம் தெரிஞ்சுக்கும்.”

எனக்கு அது அருமையான விளக்கமாகப் பட்டது. என் வீட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தன் வீட்டுக்காரர் கையிலிருந்து ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றியபோது அக்கா எழுந்துவிட்டாள். “அது அவரு ரத்தந்தான்னு எப்டித் தெரியும்? உள்ள நாலு குழாய் கீதே” என்று குழாயை எடுத்துப்போனவரின் பின்னாலேயே லேபரட்டரி கதவு வரை போனாள். கதவை மூடியும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, ஊசி தயாராகும் வரை நின்றே இருந்தாள். அவள் கடைசியாக வெளிப்படையாகச் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது முன்கையில் ஊசி போட்ட இடங்கள் சிவந்து தடித்திருந்தன. தடவிக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொரட்டூர் ஏரி தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள்.

“நா சந்தேகப்படறதுனாலதான் போவுதா?”

“ஐயோ, அப்படியா சொன்னாரு? அது செல்லுக்கா. நீங்க இல்ல.”

“என் உடம்புல கீற செல்லு யாருது?”

நான் சிரித்துப் பேச்சை மாற்றினேன். அவள் வீட்டுக்காரரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஊசி இன்னும் சில தடவை போட்டார்கள். சில மாதங்களில் அக்கா உண்டானாள். அதோடு குவார்ட்டர்ஸே பார்த்திராத ஒரு காட்சி ஆரம்பித்தது.

தள்ளுவண்டிக்காரர் கத்தரிக்காய் நிறுத்தார். அக்கா தராசையே பார்க்காமல் பையை நீட்டினாள். அவர் கை தராசிலேயே நின்றது. “மாத்தி வெச்சி நிறுக்கட்டுமாம்மா?” என்று அவராகவே கேட்டார். “வாணாம். ஒன்ன நம்பறேன்” என்றாள். அவர் பயந்துபோய் இரண்டு கத்தரிக்காய் கூடப் போட்டார். வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நாத்தனாரை ஆள் விட்டுக் கூப்பிட்டு, அவள் கையால் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டாள். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, என் மாமியாரிடம் நேரடியாகவே கேட்டாள்.

“இன்னா செஞ்சிகீற, அத்த? எனக்கும் ஒரு வாய் குடு.”

மாமியார் தட்டைத் தேடி எடுத்தார். குழம்பு ஊற்றிச் சோறு கொடுத்தார். அக்கா மோந்து பார்க்கவில்லை. ஆனால் முதல் வாய் போகும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், இடது கை முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. விழுங்கியதும் கண்ணைத் திறந்து, “நல்லா கீது” என்று சிரித்தாள். அவள் போனதும் மாமியார் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதுல என்னமோ இருக்கு. இப்படிக் கேட்டுத் திங்கிற ஆளா அவ?”

மாமியார் மட்டுமில்லை, மூன்று மாடியும் அதையே சொன்னது. முறைத்துக்கொண்டிருந்தவள் சிரித்தால், சிரிப்புக்குப் பின்னால் என்ன என்றுதானே தேடுவோம்? யாரோ மலையாள மந்திரவாதி சொல்லி அனுப்பியிருக்கிறான், வீடு வீடாகச் சாப்பிட்டால் தோஷம் அந்தந்த வீட்டுக்குப் போய்விடுமாம் என்று ஒரு கதை கிளம்பிற்று. கிளப்பியது யாரென்று எனக்குத் தெரியும், சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது. அவள் வீட்டுக்காரரே ஒருநாள் என்னிடம், “எனக்கே பயமா கீதும்மா. வேற யார் கூடயோ குடித்தனம் பண்றாப்ல கீது” என்றார்.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. டாக்டர் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாள். அவள் சந்தேகத்தை விட்டால் அவள் கருப்பையும் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஊசி கைக்குப் போட்டது, மனதுக்கு அவளே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். நான் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். மறுநாள் அவரே சுண்டல் செய்து, கிண்ணத்தில் போட்டு, எதிர்வீட்டுக்கு எடுத்துப்போனார். பிறகு அது வாரா வாரம் வழக்கமாயிற்று.

மூன்றாம் மாதம் தாண்டியது. நான்காவதும் தாண்டியது. வயிறு தெரிய ஆரம்பித்தது. மாடிப்படியில் அவள் ஏறும்போது யாராவது ஒருவர் கூடையை வாங்கிக்கொள்வார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று என் மாமியார் அறிவித்துவிட்டார். கதை கிளப்பிய அந்த அம்மாளே வளையலுக்கு நிறம் யோசித்தாள். குழந்தை அசைவதாக அக்கா சொன்ன அன்று, என் குழந்தை அசைந்தபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயம், ஒரு காலையில் வலி என்று ஆட்டோவில் போனார்கள். போனது போனதுதான், அதுவும் தங்கவில்லை. ஆண் குழந்தை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சொல்லாமலிருந்திருக்கலாம்.

நான் போய்ப் பார்த்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழவில்லை. யாரையாவது கைகாட்டுவாள், நாத்தனாரையோ, நர்ஸையோ, என் மாமியாரையோ என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகப் பேசினாள்.

“யார்கிட்டயும் சொல்லாத. போன வாரம் ஒன் மாமியா சுண்டல் குடுத்துச்சே, உப்புக் கரிச்சிது. இன்னாடா இது, எதுனா கலந்துகீதான்னு தோணிச்சி. ஒரே ஒரு நிமிசந்தான். ஒடனே துன்னுட்டேன். ஆனா தோணிடுச்சி.”

“அக்கா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அந்த ஒரு நிமிசத்துல அதுங்களுக்குத் தெரிஞ்சி பூட்ச்சு.”

அதுங்களுக்கு என்றால் செல்களுக்கு. டாக்டர் சொன்ன கேட்டையும் பாஸையும் காவலையும் பற்றி அப்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. நான்கு குற்றவாளிகளைத் தேடிப் பிடித்தவள், ஐந்தாவதாகத் தன்னையே பிடித்து உள்ளே வைத்துவிட்டாள். அந்தக் கேஸில் அவளுக்காகப் பேச யாருமில்லை. நான் பேசினால் அவள் காதில் ஏறவில்லை.

வீடு திரும்பிய பிறகு என் பெண் ஒருநாள் திறந்திருந்த கதவு வழியாக ஓடிப்போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள், குழந்தைமேல் பட்டுவிடக் கூடாது என்று.

“தூக்கிக்கிடு தாயி. உன் பிள்ளதான்” என்றார் என் மாமியார்.

“வாணாம். எடுத்துக்கினு போங்கோ. என் ஒடம்ப நம்ப முடியாது.”

அதன்பின் அவள் எதையும் சோதித்ததில்லை. தள்ளுவண்டிக்காரர் நல்லவர், ஆனால் அவருக்குப் பதில் வந்த ஆள் அவள் கண்ணெதிரே தட்டை விரலால் அமுக்குவான். அவள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்காக அவனிடம் சண்டை போட்டவள் நான்தான். கல்லை மாற்றி வைடா என்று நான் கத்தும்போது அவள் படியேறிக்கொண்டிருப்பாள். பார்க்க எனக்குப் பொறுக்காது. கொஞ்ச காலத்தில் அவர்கள் காட்டுப்பாக்கத்தில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூரில் இருந்த என் தங்கைக்கு இரண்டு தடவை கலைந்தது. கூடப் போன நான், அந்த இளம் டாக்டரம்மாவிடம் புருஷன் ரத்தத்தில் போடுகிற ஊசி போடுவீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“அதுல பிரயோஜனம் இல்லன்னு இப்ப சொல்றாங்கம்மா. நான் போடறதில்ல.”

“அப்ப அந்தக் காவல் செல்லு? சந்தேகப்பட்டு வெளிய தள்ளுதுன்னு சொன்னாங்களே?”

“கருப்பையில அந்த மாதிரி செல்லுங்க நிறைய இருக்கு. பேர் என்னவோ கொலைகார செல்லுன்னுதான் வெச்சிருக்காங்க. ஆனா கர்ப்பத்துல அதுங்க கொல்றதுக்கு வரல. நஞ்சுக்கொடி நல்லா ஒட்டி ரத்தம் பிடிக்க அதுங்கதான் வழி பண்ணிக் குடுக்குதுன்னு இப்ப நினைக்கிறாங்க. சில பேருக்கு அந்த வேலை சரியா நடக்கலையோ என்னவோ. உறுதியா யாருக்கும் தெரியாதும்மா.”

தங்கையை வீட்டில் விட்டுவிட்டு நேரே காட்டுப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. அக்காவுக்கு முன்தலை நரைத்திருந்தது. காபி கொடுத்தாள். நான் மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் செல்கள் விரட்ட வந்தவை இல்லை, உதவ வந்தவை. உங்கள் உடம்பு யாரையும் சந்தேகப்படவில்லை. சுண்டல் தின்ற அந்த ஒரு நிமிஷத்துக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்போ எதுனால பூட்ச்சு?”

“தெரியாதாம்க்கா. இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்களாம்.”

அவள் எழுந்து என் டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு, சுவரில் கை ஊன்றி அழுதுகொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் நான் பார்த்த முதல் அழுகை.

“தெரியாதுன்னு அந்த டாக்டரு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி” என்றாள்.